வெள்ளை ஜீப் தீர்க்கதரிசனம்

ஒரு பாவ அறிக்கையோடு தொடங்கிவிடுகிறேன். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தீர்க்கதரிசனம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிருப்பேன். கலர் வேறு சொல்லித் தொலைத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிறிஸ்தவர்களான எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. தீர்க்கதரிசனம் சொல்வது, கைவைத்து வியாதியைக் குணமாக்குவது, படிக்காமலே அந்நியபாஷை பேசுவது என்று ஆதிச் சபைக்கு ஆவியானவர் சில வரங்களைக் கொடுத்தார். இதுவரை எல்லோருக்கும் சம்மதம். அந்த வரங்கள் இன்றைக்கும் இருக்கின்றனவா, அப்போஸ்தலர்கள் காலத்தோடு முடிந்துபோயினவா என்று கேட்டுப் பாருங்கள், கல்யாண வீடுகூட இரண்டாகிவிடும்.

நான் முடிந்துபோயின என்கிற கட்சி. வெறும் தொண்டன் இல்லை. கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இதற்காகவே போராடிக்கொண்டிருந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். எதிராளி இன்னது கேட்டால் இன்ன பதில் என்று எழுதி, முக்கியமான இடங்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். (பத்தாம் வகுப்புக்கு இப்படி ஒரு நோட்டு போட்டிருந்தால் நாலு பிள்ளைகளாவது உருப்பட்டிருக்கும்.)

எதிர்க்கட்சித் தலைவர் என் சகலை. என் மனைவி கிரேஸின் அக்கா எஸ்தரைக் கட்டியவர், பாஸ்டர் சாமுவேல். புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் ஒரு சின்ன ஊரில் சபை நடத்துகிறார். கர்த்தர் இன்றைக்கும் பேசுகிறார், இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்பது அவர் கட்சி. சத்தம் போட்டு வாதாடினாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஆதாரம் அடுக்குவேன். மனிதர் சிரித்துக்கொண்டே, "நேத்து குடுத்தவரு இன்னிக்கு கைய மூடிக்கினாரா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சபையின் ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விழா. நானும் கிரேஸும் வெள்ளிக்கிழமையே திருப்பத்தூரில் ஷேர் ஜீப் பிடித்து மலையேறினோம். வெள்ளை ஜீப். (கலரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) என் பையில் மாற்றுத்துணி ஒரு செட்டும் அந்த நோட்டும் இருந்தன. இந்த முறை சகலையை விடுவதில்லை என்ற முடிவோடுதான் போனேன்.

போய் இறங்கினால் எஸ்தர் அக்கா வாசலுக்கு வரவில்லை. சபைக் கோயிலை ஒட்டிய அவர்கள் வீட்டில், கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். வியாழக்கிழமையிலிருந்து வயிற்றுவலி, காய்ச்சல். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. கிரேஸ் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். அக்காவின் அடிவயிற்றில் வலது பக்கம் லேசாகத்தான் அழுத்தினாள். அக்கா போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றுவிட்டது.

"இது கொடல்வாலு நோவு க்கா. கீழ ஆஸ்பத்திரிக்கி போயே ஆவணும். உள்ள ஒடஞ்சிட்டா அவ்ளோதான்," என்றாள் கிரேஸ்.

"வாணாம்மா," என்றார் அக்கா. "இந்த ஊரு பொம்பளைங்களுக்கு எல்லாம் நான்தான சொல்லிக்கினு இருக்கேன், மாத்திரைய நம்பாதீங்க, கர்த்தர நம்புங்கன்னு. இப்ப எனக்கு நோவுன்னதும் நான் ஆஸ்பத்திரிக்கி ஓடினா அதுங்க மொகத்துல எப்டி முழிப்பேன்? கர்த்தரு போன்னு சொல்லட்டும், போறேன்."

பாஸ்டர் கதவோரம் நின்றிருந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

இந்த இடத்தில் மூளை உள்ள மனிதன் என்ன செய்வான்? ஜீப்புக்கு ஓடுவான். நான் பையைத் திறந்து நோட்டை எடுத்தேன்.

ஆமாம், எடுத்தேன். இரண்டு நாளாக வலியில் துடிக்கும் ஒரு பெண்ணின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுகமாக்கும் வரம் ஏன் முடிந்துபோனது என்று பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். "வசனத்த எழுத்துப்படி எடுக்கணும் க்கா, நம்ம இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது" என்று வேறு சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வேறு வழியில்லாமல். நான் பதினேழாம் பக்கம் வரும்போது வாந்தி எடுத்தார். அதை ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டியவன் நான், எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை சபையார் இருபது முப்பது பேர் உபவாச ஜெபத்துக்கு வந்துவிட்டார்கள். அக்காவைக் கோயிலுக்குள் பாயில் படுக்கவைத்துச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. கிரேஸ் என் சட்டையைப் பிடித்து வெளியே பலா மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"நீங்க மாமாவ ஜெயிக்க வந்தீங்களா, எங்கக்காவ காப்பாத்த வந்தீங்களா?"

"நான் சொல்றத அவங்க கேக்கலன்னா நான் இன்னா பண்றது?"

"கர்த்தரு சொன்னாத்தான் எந்திரிப்பேங்கிறா. உங்க நோட்டு சொல்லியா எந்திரிப்பா? எதுனா பண்ணுங்க. அவளுக்கு எதுனா ஆச்சுன்னா ஜென்மத்துக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவள் என் முன்னால் அழுதது அதுதான் முதல் முறை. எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. அக்கா மேல், சும்மா நிற்கும் சகலை மேல், என் மேல், கடைசியில் கர்த்தர் மேலேயே வந்தது. போ என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அவரால் சொல்ல முடியாதா? அவர் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்.

விறுவிறுவென்று உள்ளே போனேன். ஜெபக் கூட்டத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, வலது கையைத் தூக்கினேன். உடம்பு நடுங்கியது. (நடிப்பு இல்லை, பயம்.) வரங்கள் முடிந்துபோயின என்று நாற்பது பக்கம் எழுதிய நோட்டு அந்தத் தூக்கிய கையில்தான் இருந்தது என்பதைக் கிரேஸ் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"என் குமாரத்தியே," என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீ எழுந்து மலையை விட்டு இறங்கு. தாமதம் பண்ணாதே. வைத்தியனும் என் வேலைக்காரன் அல்லவா?"

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கோயிலுக்குள் அப்படியொரு நிசப்தம். என் பத்தாம் வகுப்பு ஒரு நாளும் எனக்குத் தராத நிசப்தம். அந்த ருசி நாக்கில் பட்டுவிட்டது.

"உனக்காக ஒரு வெள்ளை ஜீப்பை ஆயத்தம்பண்ணினேன். கண்ணாடி அணிந்த ஒரு ஸ்திரீயின் கையில் உன் சுகத்தை வைத்தேன். அதாவது, ஸ்கேன் எடுக்கும்போது நீ பயப்படவேண்டாம்," என்று முடித்தேன்.

கண்ணைத் திறந்தேன். முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. இவர்கள் சபைகளில் யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும் அது கர்த்தரிடமிருந்து வந்ததுதானா என்று பாஸ்டர் நிதானித்துச் சொல்ல வேண்டும். சகலை என்னைப் பார்த்தார். தூக்கிய என் கையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ஆமென்," என்றார் பாஸ்டர். அவ்வளவு அவசரமாக ஓர் ஆமென்னை நான் கேட்டதில்லை. சபை முழுக்க ஆமென் என்றது. எஸ்தர் அக்கா கண்ணைத் திறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, போலாம்," என்றார்.

கிரேஸ் அக்காவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புடவை மாற்றினாள். அதற்குள் சபைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் நிலத்தில் போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். ஓர் அம்மா மகளுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையில் என்றார். அத்தனை பேரையும் ஒதுக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன்.

ஜீப் இருந்தது, கோயிலுக்குப் பின்னால். டிரைவர் முருகன் புளி மூட்டை ஏற்றக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நல்ல ஜீப். பச்சை ஜீப்.

அக்கா வீட்டு வாசல்வரை வந்து நின்றார். "பச்சயா இருக்குதே தம்பி. கர்த்தரு வெள்ளன்னு தான சொன்னாரு."

"அக்கா, வெள்ளன்னா பரிசுத்தம்னு ஒரு அர்த்தம்..."

"வசனத்த எழுத்துப்படி எடுக்கணும்னு நேத்துதான நீ சொன்ன?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் நோட்டின் பன்னிரண்டாம் பக்கம் அது. சிவப்புக் கோடு போட்டது. அப்படியானால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம், அதுவும் வெள்ளைதானே என்றேன். செல்போனில் டவர் எடுக்கப் பாறைமேல் ஏற வேண்டும், பிறகு வண்டி அவ்வளவு தூரம் மலையேறி வர வேண்டும் என்பது ஒரு பக்கம். அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பதில் இது: "ஆம்புலன்ஸு ஜீப்பு இல்லயே தம்பி." உள்ளே போய் மறுபடி படுத்துவிட்டார்.

நாங்கள் வந்த வெள்ளை ஜீப் எங்கே என்று முருகனைக் கேட்டேன். காலையிலேயே கீழே போய்விட்டது, சாயங்காலம்தான் திரும்பும் என்றார். முருகன் இந்தச் சபையைச் சேர்ந்தவர் இல்லை, மாரியம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுகிறவர். எங்கள் சண்டை எதுவும் அவருக்குப் புரியவில்லை. பிரச்சினை மட்டும் புரிந்துவிட்டது. ஆண்டு விழாவுக்காகச் சபைக் கோயிலுக்கு வெள்ளையடிக்க டிரம்மில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். அதைக் கையால் காட்டினார்.

"சார், சுண்ணாம்பு கெடக்குது. அடிச்சிர்லாமா?"

"வண்டி பாழாயிடுமே முருகன்."

"கழுவுனா வண்டி திரும்ப வந்துரும் சார். அந்தம்மா போய்ட்டா வருமா?"

இருவரும் ஆளுக்கொரு பிரஷ் எடுத்து அடிக்கத் தொடங்கினோம். நான் பானெட், அவர் கதவு. அரைகுறையாக ஒரு பக்கம் முடிவதற்குள் என் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பாஸ்டர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஜெபத்திலிருந்து நேராக எழுந்து வந்த கோலம். தீர்க்கதரிசனத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தார். குனிந்து டிரம்முக்குப் பின்னால் கிடந்த மூன்றாவது பிரஷ்ஷை எடுத்தார். பின்பக்கம் போய் அடிக்க ஆரம்பித்தார்.

முன்கண்ணாடியில் சுண்ணாம்பு தெறித்து ரோடே தெரியாத நிலை. "தொடைக்க எதுனா குடுங்க சார்," என்றார் முருகன். சுற்றிலும் பார்த்தேன், கந்தல் துணி ஒன்றும் இல்லை. நோட்டிலிருந்து பத்துப் பக்கம் கிழித்துக் கொடுத்தேன். நன்றாகத் துடைத்தது. இன்னும் பத்து கேட்டார்.

கால் மணி நேரத்தில் ஜீப் ஒரு மாதிரி வெள்ளையானது. அக்கா வந்தார், பார்த்தார். "ம்," என்றார். ஏறிப் படுத்துக்கொண்டார். தலை கிரேஸ் மடியில், கால் பாஸ்டர் மடியில். நான் முன்னால் உட்கார்ந்து, இதுவரை எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூச்சுவிட்டேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மழை பிடித்துக்கொண்டது.

காயாத சுண்ணாம்பு. பானெட்டிலிருந்து பால் மாதிரி வழிய ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் பச்சை தெரிந்தது. நான் உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்துப் பார்த்தேன். எவ்வளவைத்தான் மறைப்பது?

"தம்பி," என்றது பின்னாலிருந்து மெலிந்த குரல். "ஜீப்பு பச்சயா மாறுது."

முருகன்தான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "மலய வுட்டு எறங்கினா அப்டித்தாம்மா மாறும். நீங்க கண்ண மூடிக்கங்க."

திருப்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து விளாசினார். குடல்வால் உடையும் நிலையில் இருக்கிறதாம், சாயங்காலம்வரை விட்டிருந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம். படித்தவர்கள்தானே நீங்கள் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். டாக்டரம்மா கண்ணாடி போட்டிருந்தார். பாஸ்டர் என் விலாவில் மெல்ல இடித்தார். (இந்த நாட்டில் கண்ணாடி போடாத டாக்டரம்மா எங்கே இருக்கிறார் என்று நானும் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.)

ஆபரேஷன் நடக்கும்போது வராந்தா பெஞ்சில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். இருவர் கையிலும் சுண்ணாம்பு. மனசு உறுத்தியது. சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அது கர்த்தரு சொன்னது இல்ல. நானா சொன்னேன்."

"தெரியும் தம்பி. கர்த்தரு நடுவுல 'அதாவது'ன்னு சொல்ல மாட்டாரு."

"அப்பறம் எதுக்கு ஆமென் சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். "நான் போன்னு சொன்னா பாஸ்டரு பொண்டாட்டிக்கு ஒரு நாயம், சபைக்கு ஒரு நாயமாய்டும். அவளும் நம்ப மாட்டா. ரெண்டு நாளா, யார் வாயயாவது தொற ஆண்டவரேன்னு அழுதுகினே இருந்தேன். நீ தொறந்த. அது உன் பொய்யா, என் ஜெபத்துக்குப் பதிலான்னு நீயே அவருகிட்ட கேட்டுக்க."

இதற்குப் பதில் நோட்டில் இருந்திருக்கலாம். பாதி நோட்டு மலைமேல் குப்பையில் கிடந்தது.

மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவரிடமும் சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"சுண்ணாம்பு அடிச்சத ஜன்னல் வழியா பாத்தேன் தம்பி."

"பாத்துட்டா ஏறினீங்க?"

"எனக்குக் கத்தின்னா பயம். பாதி விசுவாசம், பாதி பயம். கலர் சாக்குல தப்பிச்சிக்கலாம்னு பாத்தேன். அப்பறம் பாத்தா உங்கண்ணன் கையில பிரஷ்ஷு. கல்யாணம் ஆயி பதினாறு வருஷமா வூட்டு செவுத்துக்கு வெள்ளையடின்னு கேட்டுகினு இருக்கேன், ஒரு நாள் அந்த ஆளு பிரஷ்ஷத் தொட்டது கெடையாது. அழுதுகினே அடிக்கறாரு. இதுக்கு மேல இன்னா அற்புதம் வேணும்னு ஏறிட்டேன்."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் மனிதனாக நடமாடியிருப்பேன். அக்கா ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் எழுந்து சாட்சி சொல்கிறார். சுண்ணாம்பையும் மறைப்பதில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறார், சபை கைதட்டுகிறது. பொம்பளைகளிடம் இப்போது, ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் விஷயம் தெரிந்து என்னை வெளியேற்றிவிட்டார்கள். மலையில் எனக்குப் பெயர் தீர்க்கதரிசி வாத்தியார். போர் போட்டவருக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் பலாப்பழம் அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம். இன்றைக்கு மழை வராது, இந்த ரோட்டில் போனால் சீக்கிரம் போகலாம் என்று நான் எதையாவது அடித்துச் சொன்னால், ஆறு வயது மகள்கூட, "இன்னா கலருப்பா?" என்கிறாள்.

போன மாதம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. ஆபரேஷன் என்றார்கள். அரையாண்டுத் தேர்வு முடியட்டும், விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். (பயம்தான். வேறென்ன?) கிரேஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, மலைக்கு ஒரு போன் போட்டாள். மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் முருகனின் பச்சை ஜீப் வந்து நின்றது. எஸ்தர் அக்கா இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"தம்பி, கர்த்தரு சொல்றாரு, ஏறு."

எரிச்சலோடு கேட்டேன். "எந்த கலர் ஜீப்புல ஏறணும்னு சொன்னாரா க்கா?"

"அவரு கலரெல்லாம் சொல்றதில்ல," என்றார் அக்கா, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே. "அன்னிக்கும் அவரு சொல்லல. அது மட்டும்தான் நீயா சேத்தது."

ஏறி உட்கார்ந்தேன்.